செமிஃபைனலுக்கு மறுநாள் காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, பெரிய காஞ்சிபுரம் டீமும் வாலாஜாபாத் டீமும் கால்பந்து செமிஃபைனலில் மோதப்போகின்றன என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பிள்ளையை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு ஆசாரி முன்னால் உட்கார வைத்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் மட்டமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரெண்டு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். பெரிய காஞ்சிபுரம் டீமின் கோல்கீப்பர். இன்னொருவன் என் கூடப்பிறந்த அண்ணன். வாலாஜாபாத் டீமுக்கு கோல் அடிக்கிறவன். நான் பிறந்தது அங்கே, வாழ வந்தது இங்கே. இந்த ரெண்டு டீமுக்கும் எங்கள் அப்பா காலத்திலிருந்தே ஆகாது. என்ன காரணம் என்று கேட்டால் ரெண்டு ஊரிலும் ரெண்டு கதை சொல்வார்கள். ரெண்டிலும் அடுத்த ஊர்க்காரன்தான் அயோக்கியன்.

நாள் குறித்தபோது அவரைக் கேட்டேன். ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. "முந்தின நாள் சனிக்கிழமை செமி இருக்குதே, பரவால்லயா?" என்றேன். "நாங்க செமி ஆடுவோம். உங்க ஊர்க்காரனுங்க எங்க செமி வரப்போறானுங்க? காலிறுதியிலயே மூட்ட கட்டிடுவானுங்க" என்றார். தாம்பூலத் தட்டோடு வாலாஜாபாத் போய் அண்ணனை அழைத்தோம். அவனும் தேதியைக் கேட்டுவிட்டு, என்னைச் சமையற்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "ஒன்னியும் கவலப்படாத பாப்பா, உங்க ஊரு டீம் அதுக்குள்ள அவுட்டாயிருக்கும்" என்றான். ரெண்டு டீமும் ஜெயித்தன. ரெண்டு டீமும் செமிக்கு வந்தன. ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து.

தள்ளிப் போடலாமே என்பீர்கள். ஆனி முடிந்தால் ஆடி. ஆடியில் யார் காது குத்துகிறார்கள்? ஆவணி பிறந்ததும் அவளுக்கு ஆறு வயது தொடங்கிவிடும், இரட்டைப்படை ஆகாது என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். ஏழாவது வயதுக்குக் காத்திருந்தால் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டது என்ன ஆவது என்று அதற்கும் ஒரு பேச்சு. சரி, குத்தித்தான் ஆக வேண்டும். குத்தினால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் மன்னித்துவிடுவார்கள், மாமன் மடி இல்லையென்றால் பிள்ளைக்குக் கல்யாணமாகும் வரை பேசுவார்கள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

இவர்கள் ரெண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லவர்கள்தான். அதைத்தான் என்னால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. பந்து ஒன்றை நடுவில் வைத்தால் போதும், பேய் பிடித்துவிடும். சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஆட்டத்தில் அண்ணனின் முழங்கை பட்டு இவருடைய முன்பல் போய்விட்டது. தெரியாமல் பட்டது என்றான் அவன். தெரிந்தே இடித்தான் என்றார் இவர். அதற்கப்புறம் பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவரவில்லை, தீபாவளிக்கு நாங்கள் போகவில்லை. நான் நடுவில் நின்று ரெண்டு பக்கமும் அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் என் மாமனார் சாவுக்கு அண்ணன் வந்து, யாரும் கேட்காமலேயே பந்தலுக்குக் கால் நட ஆரம்பித்தான். இவர் ஒரு டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினார். அவ்வளவுதான் சமாதானம். அந்த டீயை நம்பித்தான் நான் காதுகுத்துக்கு நாள் குறித்தேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து செமிஃபைனலை ஆடி முடித்துவிட்டார்கள். பையன்கள் இவருடைய போட்டோவுக்கு நெருப்பெல்லாம் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பால் வாங்கப் போனால் ஒருவர், "அக்கா, உங்கண்ணன் எடது கால்ல அடிச்சா எந்தப் பக்கம் போவும்? சும்மா ஒரு நாலேட்ஜுக்குதான்" என்று கேட்டார். "என் தலயில போவும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் வந்தால் தறி. எங்களுடையது கோர்வைத் தறி. பட்டுப்புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அவர் தறிக்குழியில் கால் வைத்து மிதித்து, நூல் சுற்றின நாடாக் கட்டையை உடலுக்குத் தள்ளுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவேன். ரெண்டு பேரும் ஒரே தாளத்தில் போனால்தான் கரையும் உடலும் சரியாகக் கோர்த்துக்கொள்ளும். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை வந்தால் ஆளுக்கு ஒரு அறையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பக்கத்திலேயேதான் உட்கார வேண்டும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவர் தறியைப் பார்த்துக்கொண்டே, "உங்கண்ணன் பெனால்ட்டி எந்தப் பக்கம் அடிப்பான்?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"சின்ன வயசுல இருந்து பாத்துக்கினுதான இருக்குற."

"சின்ன வயசுல அவன் என் தலயிலதான் பந்தால அடிப்பான். உனுக்கும் அங்கயே அடிப்பான், போய் நில்லு."

அவர் சிரிக்காமல் நாடாவைத் தள்ளினார். அதற்கு மறுநாள் அண்ணன் போன் பண்ணினான். மண்டபத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், தோடு திருகு வைத்ததா வைக்காததா என்று நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது. கடைசியில் குரலை இறக்கி, "மாப்ளைக்கு வலது முட்டி வலி இருக்குதுன்னு சொன்னியே, இப்ப எப்டி இருக்குது? தறி மிதிக்கிறாரா?" என்றான். முட்டி மேல் அவனுக்கு என்ன திடீர் அக்கறை? வலது பக்கம் பாய முடியுமா முடியாதா என்று கண்டுபிடிக்கிறான்! "உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமே இல்லயாண்ணா?" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு, கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவானோ என்று பயம் வந்து, மறுபடி நானே கூப்பிட்டு, முட்டி நன்றாக இருக்கிறது என்றேன். உடனே, ஐயோ சொல்லிவிட்டோமே என்று அதற்கும் பயம் வந்தது.

டீக்கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு இருந்தால் எனக்கும் ஒரு கணக்கு இருக்காதா? கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே நானும் செமிஃபைனலை ஆடிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஜெயித்தால் இவர் வாயைக் கட்டிப்போட யாராலும் முடியாது. அண்ணன் ரோஷக்காரன், வரமாட்டான். வாலாஜாபாத் ஜெயித்தால் அவன் கட்டாயம் வருவான், டீம் முழுக்க மேளம் அடித்துக்கொண்டு வரும், இவர் மண்டபத்தில் நிற்கமாட்டார். சமமாக முடிந்தால் பெனால்ட்டி. அடிப்பவன் என் அண்ணன், தடுப்பவர் என் புருஷன், நேருக்கு நேர். அதைவிடக் கேடு வேறு வேண்டுமா? எப்படி முடிந்தாலும் தோற்கப்போவது நான்தான். மழை வந்து ஆட்டமே நடக்காமல் போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். வாசலில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா அலறிவிட்டாள். "வாயக் கழுவுமா! பாவு தெருவுல கெடக்குது, மழையக் கூப்புடுறியே!" சாமியிடம் மழை கேட்கக்கூட எனக்கு வழியில்லை.

வியாழக்கிழமை அவர் இன்னொரு குண்டைப் போட்டார். நாடாவை நிறுத்தாமலேயே, பட்டும் படாமலும் சொன்னார்.

"உத்திரமேரூர்ல உங்க சித்தப்பா புள்ள இருக்கான்ல? அவனும் உனுக்கு அண்ணன் மொறதான? அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வெள்ள வேட்டியோட வந்துடுவான்."

"எதுக்கு?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்கு. டீம்னா சப்ஸ்டிட்யூட் இல்லாம எறங்குவாங்களா?"

என் கையில் இருந்த நாடா நின்றுவிட்டது. அவர் மிதித்துவிட்டார். கோர்வை பிசகிப் போயிற்று.

"யோவ், என் புள்ள காது இன்னா உங்க கோல் போஸ்ட்டா? சப்ஸ்டிட்யூட் வெக்கிறியே! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அவன்கூட சண்ட போடாம ஆடிட்டு வர முடியாதா?"

"அத்த உங்கண்ணன்கிட்ட சொல்லு."

அண்ணனிடமும் சொன்னேன். "அத்த மாப்ளகிட்ட சொல்லு" என்றான். பிசகின இடத்தை ரெண்டு பேரும் குனிந்து, இழை இழையாகப் பிரித்தோம். தலையும் தலையும் இடித்துக்கொள்கிற தூரம். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பட்டில் கண்ணீர் விழுந்தால் கறையாகிவிடும் என்று முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் குட்டியானை வண்டியில் தெருவே கிளம்பியது. ரெண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று திருமுக்கூடல் பக்கம் ஒரு மைதானத்தில் வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்யப்போகிறேன் என்று நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். மைக்கில் ஒருவன், பரம எதிரிகள் மோதும் ஆட்டம், ரத்தம் கொதிக்கும் ஆட்டம் என்று கத்திக்கொண்டிருந்தான். அவனை இழுத்துப் போட்டு நாலு சாத்தலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரர் கோல் கம்பத்தடியில் கையுறையை மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தார். வலது முட்டியை நன்றாக மடக்கினார்.

ஆட்டம் ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அண்ணன் கோட்டைத் தாண்டி என்னிடம் வந்தான். சட்டைக்கு உள்ளேயிருந்து நகைக்கடைச் சின்ன டப்பா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். திறந்தால் தோடு. சிவப்புக் கல் வைத்தது.

"இத நாளைக்குக் குடுண்ணா. உன் கையால குடுக்கணும்."

"இப்பவே வெச்சிக்கோ பாப்பா."

"ஏன்?"

அவன் கோல் கம்பத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ஆட்டம் முடிஞ்சப்புறம் நான் எப்டி இருப்பேன்னு எனுக்கே தெரியாதும்மா" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு ஆறவில்லை. சண்டை வரும் என்று இவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இவர் அதற்கு ஒரு மாற்று மடி பார்த்து வைத்தார். அவன் அதற்கு முன்கூட்டியே தோடு கொண்டுவந்தான். சண்டை போடாமல் இருப்பதற்கு மட்டும் ரெண்டு பேரில் ஒருவரும் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவன் பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்ட அவன் அங்கேயே புல்லில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததுதான் தாமதம், என் மகள் என் கையை உதறிவிட்டுப் போய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் அவளைச் சுற்றிக் கையை நீட்டிக் கயிற்றைக் கட்டினான். அவள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "உடுடா கண்ணு, மாமா போவணும்" என்றான். அவள் தலையைப் பின்னால் சாய்த்து அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மாமன் இருக்கிறான், மடி இருக்கிறது, தோடு என் கையில் இருக்கிறது. ஆசாரி மட்டும் அங்கே நின்றிருந்தால், முகூர்த்தமாவது மண்ணாவது, இப்பவே குத்துய்யா என்று காலில் விழுந்திருப்பேன்.

விசில் ஊதினார்கள். அண்ணன் அவளைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான்.

யார் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. பாதி ஆட்டத்துக்குள் ஒரு பந்துக்கு இவரும் அண்ணனும் பாய்ந்தார்கள், விழுந்தார்கள், எழுந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவர் ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். மிச்ச ஆட்டத்தை ஆளுக்கு ஒரு மூலையில் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் உத்திரமேரூர்க்காரன் சொன்னபடி வெள்ளை வேட்டியில் வந்தான். பாவம், அவன் என்ன செய்வான், கூப்பிட்டார்கள், வந்தான். எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை அவன் மடியில் ஒழுங்காக உட்காரவில்லை, நெளிந்துகொண்டே இருந்தாள். ஆசாரி அந்தச் சிவப்புக்கல் தோட்டைத் தட்டில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். ஊசி இறங்கும்போது, "வாலாஜாபாத் மாமா!" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். அவளைப் பிடித்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் வரவில்லை. இன்னொரு காது மிச்சம் இருந்தது.