மாமா கேமரா வாங்கப் போனது

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், முதலில் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஒரு பிடிவாதக்காரர். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். இருபது வருடத்துக்கு மேல் எடுத்தும் ஒரு நாள்கூட ஸ்டாண்டில் கேமராவை மாட்டியதில்லை. "ஸ்டாண்டு கை இல்லாதவனுக்குடா மாப்ளே" என்பார். எங்கள் வேனில் ஒரு ஸ்டாண்டு கிடந்தது. வியர்த்து நனைந்த சட்டையைக் காயப்போட மட்டும் அதை விரிப்பார்.

திமிர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் திமிருக்கு உண்டான வேலை கையில் இருந்தது. மண்டப வாசலிலிருந்து மேடை வரைக்கும் மணப்பெண்ணின் பின்னாலேயே நடந்துகொண்டு எடுப்பார். படத்தைப் பார்த்தால் ஆள் நடந்து எடுத்தது என்றே தெரியாது. மற்ற வீடியோக்காரர்கள் வந்து நின்று பார்ப்பார்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கு, பாதத்தை உருட்டி வை, மூச்சை மெதுவாக விடு என்று எல்லாருக்கும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார். ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கு வராது என்று எனக்கே தெரியும். நான் வேன் ஓட்டுகிறவன், லைட் பிடிக்கிறவன், சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று விசாரிக்கிறவன்.

எடிட்டிங் அக்கா. வீட்டின் பின்னறையில் ஜன்னலைத் துணியால் மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மாமா மெமரி கார்டை அவள் கையில் கொடுத்ததோடு சரி. எடுத்ததை அப்படியே போட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "எடுக்கும்போதே பார்த்துட்டேனே" என்பார். அவள் வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் பார்ப்பார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும். ஒரே ஒரு படம். வேலை முடிந்து ஒரு பெண் வீட்டுக்கு நடந்து வருகிறாள். கேமரா நடுவில் எங்கேயும் வெட்டாமல் அவள் பின்னாலேயே வருகிறது. காய்கறிக் கடை, பஸ் நிறுத்தம், பாலம், இருட்டிக்கொண்டு வரும் தெரு. வீட்டு வாசல் வந்ததும் அவள் உள்ளே போகாமல் தாண்டி நடந்துபோய்விடுகிறாள். முடிந்தது படம்.

"சண்டை இல்ல, பாட்டு இல்ல. யாரு மாமா இதைப் பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"நான் பார்ப்பேன்."

அந்தப் பெண்ணாக நடக்கப்போவது அக்கா. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும். அக்கா தோளில் பையை மாட்டிக்கொண்டு முன்னால் போவாள். இவர் வெறும் கையைக் கேமரா பிடிப்பது மாதிரி நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு பின்னால் போவார். தெருவே கூடிச் சிரிக்கும். "கல்யாணம் பேசின காலத்துலகூட இந்த மனுஷன் என் பின்னாடி இவ்வளவு தூரம் வந்ததில்ல" என்று அக்கா நின்று திரும்பிச் சொல்வாள். திரும்பாதே என்று அவர் கத்துவார். அந்த வீட்டில் நான் பார்த்த சந்தோஷம் அதுதான்.

போன வருடம் வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு புகார் வர ஆரம்பித்தது. படத்தில் தலை வெட்டுப்படுகிறதாம். ஒரு மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். "எங்க ரெண்டு வீட்டுலயும் உயரமானவர் எங்க சம்பந்தி ஒருத்தர்தான். அவரைக் கழுத்து வரைக்கும் எடுத்து வச்சிருக்கீங்களே, நியாயமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கேமராவின் சின்னத் திரையில் பார்த்து எடுத்தபோது எல்லார் தலையும் இருந்தது என்று சத்தியம் செய்தார். கேமரா ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றைப் பதிவு செய்கிறது, அதற்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினார்.

அன்று சாயங்காலம் காரணத்தை நான் பின்னறையில் பார்த்தேன். அக்கா கதவைச் சாத்த மறந்திருந்தாள். திரையில் அந்தக் கல்யாணம், எடுத்தது எடுத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மேடை, மாலை, சம்பந்தி, எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. சின்ன நடுக்கம்தான். ஆனால் நிற்கவே இல்லை. கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தை அடக்க ஒரு வசதி இருக்கிறது. அது படத்தை நேராக்கிவிட்டு நாலு ஓரத்தையும் கத்தரித்துவிடும். அவர் தலையோடு சேர்த்துத்தான் எடுத்திருந்தார். வெட்டியது அக்கா.

"எவ்வளவு நாளாக்கா?" என்றேன்.

"ஒரு வருஷம் இருக்கும். எதையாவது புடிச்சாதான் கை ஆடுது, கனமா இருந்தா இன்னும் அதிகம். சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. டாக்டர்கிட்ட போலாம்னா, டீயைக் குறைச்சா சரியாயிடும்ங்கிறாரு."

"படம் ஆடுறதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்ல? உங்க கை போச்சுன்னா? அந்தப் படத்தை எடுத்து முடிக்கட்டும்டா. எப்படி வந்தாலும் நான் சரிபண்ணிக்கிறேன். அப்புறம் சொல்லிக்கலாம். நீ வாயைத் திறந்தே, இந்த வீட்டுப் பக்கமே வராத."

கோபம் கோபமாக வந்தது. அவள்மேலா, அவர்மேலா, அந்தக் கையின்மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மாமா புதுக் கேமரா வாங்கக் கிளம்பிவிட்டார். எப்படியும் வாங்கத்தான் போகிறோம், படத்துக்கும் ஆகிற மாதிரி வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. டூர் போகிறவன் கழுத்தில் தொங்குவதும் வேண்டாம், சினிமாக்காரன் நாலு பேரை வைத்துத் தூக்குவதும் வேண்டாம், நடுவில் ஒன்று. பாதிப் படம் இருட்டுகிற நேரத்தில் போகிறது, அதனால் குறைந்த வெளிச்சத்திலும் புள்ளி புள்ளியாகத் தெரியக்கூடாது. அக்காவின் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், அதற்குத் தனி மைக் இரண்டு செருக இடம் வேண்டும். அவ்வளவு தூரமும் ஒரே கையில் தாங்குகிற எடையாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கூட இவ்வளவு அலசியிருக்க மாட்டார்.

கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரர் கலகலப்பானவர். கேமராவை ஒரு நீள வயரில் சுவரிலிருந்த பெரிய டிவியோடு இணைத்துவிட்டார். "அந்தச் சின்னத் திரையில என்ன சார் தெரியும்? பெருசா பாருங்க" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாடிக் கதவுப் பக்கம் போய், பையை மாட்டிக்கொண்டு நின்றாள். மாமா அவளை எடுத்தார்.

டிவியில் அக்கா நடுங்கினாள்.

"இதுல ஆட்டத்தை அடக்குற வசதி சரியில்லீங்களே" என்றார் மாமா.

கடைக்காரர் அடுத்ததைக் கொடுத்தார். அதிலும் அப்படித்தான். "இது ரொம்ப லேசா இருக்கு. கனமா இருந்தா அடங்கும்." மூன்றாவது கனமானது. அதில் இன்னும் மோசம். மாமா டிவியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். வயரைக்கூட இழுத்துப் பார்த்தார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பாவம், அவருக்கு என்ன தெரியும். "என்ன சார், எல்லாத்தையும் குறை சொல்றீங்க? தம்பி, நீங்க ஒரு தடவை புடிங்க" என்று வாங்கி என் கையில் திணித்துவிட்டார்.

வேண்டுமென்றே ஆட்டிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் படம் டிவியில் வந்துவிட்டது. முட்டியையும் மடக்கத் தெரியாத, மூச்சையும் மெதுவாக விடத் தெரியாத என் கையில் அக்கா அசையாமல் நின்றாள்.

"பார்த்தீங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேமராவை இல்லை, என் கையை இல்லை. டிவியில் தெரிந்த அக்காவின் முகத்தை. இருபது வருடம் முகங்களைப் பார்த்தே பிழைத்தவர். அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று டிவியைப் பார்த்தபடியே கேட்டார்.

டிவியில் அக்காவின் உதடு மட்டும் கோணியது. கேமராவை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா கடைக்காரரிடம் திரும்பினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இவன் கைக்கு எது சரியா இருக்கும்னு காட்டுங்க" என்றார். ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் பட்டனுக்கு எட்டுகிறதா, ஜூமை இரண்டு விரலால் தள்ள முடிகிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா. இரண்டாவதாகப் பார்த்ததையே எடுத்தார். அதன் கைப்பட்டையை என் கைக்கு இறுக்கிவிடப் பார்த்தார். விரல் நிற்கவில்லை. மறுபடி மறுபடி முயன்றார். கடைசியில் அதை நானே இறுக்கிக்கொண்டேன்.

வேனில் அக்கா பின்னால் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். மாமா என் பக்கத்தில் இருந்தார்.

"அடுத்த வாரக் கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா பழகிக்கோ" என்றார். "நடக்காத. நின்ன இடத்துல நின்னே எடு. தலையை விட்டுடாத."

எனக்குத் தாங்கவில்லை. "மாமா, அந்தப் படத்தை எடுப்போம். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, நான் புடிக்கிறேன். எத்தனை மாசம் ஆனாலும் நடக்கக் கத்துக்கிறேன்."

"நீ கத்துப்படா. நான் இல்லைன்னு சொல்லல" என்றார். மடியிலிருந்த கேமராப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். "ஆனா அதுல அவ மட்டும் இல்லையே மாப்ளே. விட்டுட்டுப் போறவ பின்னாடியே, கூப்பிடவும் முடியாம, நிறுத்தவும் முடியாம ஒருத்தன் வரான் பாரு, அது நான். அவ பின்னாடி நீ எப்படிடா போவே?"

அக்காவின் அழுகை நின்றுவிட்டது. சிக்னல் விழுந்து வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து அக்காவின் கை வந்து அவர் தோளைப் பிடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.