கனகராஜின் கல்வயிறு

“குத்துங்க, சும்மா குத்திப் பாருங்க” என்று பனியனைத் தூக்கிக்கொண்டுதான் கனகராஜ் பேச்சையே தொடங்குவான். தோட்டக் கணக்கெழுத புதிதாக வந்த கிராணியானாலும், மீன் விற்க வரும் சீனரானாலும், சொந்த மாமனாரே ஆனாலும் ஒரு குத்து விட்டாக வேண்டும். இடப்பக்கம் குத்தியவர் கையை உதறுவார். “கல்லு மாதிரி இருக்குதுல்ல?” என்பான்.

மலாயாவில் செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறான். வயது இருபத்தெட்டு. சடுகுடுவில் மூன்று வருடமாக அவனை யாரும் பிடித்து நிறுத்தியதில்லை. பால் வாளியோடு, அதை நிறுக்கும் ஸ்டோருக்கு அவன்தான் முதலில் வர வேண்டும். எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு அயோடின் போட்டால், அடுத்தவர் முனகுகிறாரா என்று பார்த்துவிட்டு அவன் சிரிப்பான்.

விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் வாசிக்கும்போதே எல்லோர் வாயிலும் கசப்பான கொயினாத் தண்ணீர் ஊற்றுகிறோம். மலேரியாவுக்கு வேறு வழியில்லை. கனகராஜ் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வான். எனக்கே ஆச்சரியம். அவன் மனைவி புஷ்பவள்ளிதான் உடைத்துச் சொன்னாள்.

“அவரு எங்க முழுங்குறாரு? கொயினா நோஞ்சானுக்காம். வாயில வச்சிருந்து ரப்பர் மரத்துக்குத் துப்பிருவாரு. மரத்துக்குக் காய்ச்சலே வர்றதில்ல, நர்சம்மா.”

மூன்று நாள் காய்ச்சலோடு அவனை அவள் இழுத்து வந்தபோது சொன்னது இது. படுக்க வைத்து வயிற்றைத் தடவினேன். இடது விலாவிலிருந்து தொப்புள் வரைக்கும் கல்தான். மண்ணீரல்! நாட்பட்ட மலேரியாவில் வீங்கி இறுகிப்போன காய்ச்சல்கட்டி. இதைத்தான் இத்தனை பேரும் குத்தியிருக்கிறார்கள்.

“ஒருத்தன் ஒன் இடுப்பக் கட்டி விழுந்தா இது உள்ளயே வெடிக்கும். பொழைக்க மாட்ட” என்றேன்.

“பலத்தப் போயி நோவுங்கிறீங்களே!”

அடுத்த கட்டிலில் ஐயாசாமி இருந்தார். எலும்பும் தோலுமாக, எட்டு மாதக் காய்ச்சல்காரர். கனகராஜின் கையைப் பிடித்து அவர் வயிற்றில் வைத்தேன். அதே கல்.

“குத்திப் பாக்குறியா தம்பி?” என்று ஐயாசாமி சிரித்தார்.

கனகராஜ் கையை எடுக்கவில்லை. தன் வயிற்றை ஒருமுறை, அவர் வயிற்றை ஒருமுறை என்று மாறி மாறி அமுக்கிப் பார்த்தான். “திருவிழா ஆட்டத்துல நான் எறங்கலன்னா என்னா பேசுவாங்க?” என்றான்.

“கட்டிதான்னு நீயே அய்யாவுகிட்ட சொல்றியா, நான் சொல்லட்டா?” அய்யாவு அவர்கள் சடுகுடுக் குழுவின் தலைவன்.

“நானே சொல்றேன்.”

சொன்னான். ஆனால் களத்தைக் கண்டால் நிற்பானா? அதைப் பார்க்கத்தான் மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் நடந்த ஆட்டத்துக்கு நானும் போனேன். இரண்டு ஆளையும் ஸ்ட்ரெச்சரையும் கூடவே கொண்டுபோனேன்.

பக்கத்துத் தோட்டத்தார் ஒரு ஆளால் முன்னே நின்றார்கள். கடைசியாகக் கோட்டைத் தாண்டிப் பாடிப்போக எங்கள் தோட்டத்தாருக்கு ஒருவர் தேவை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த கனகராஜிடம் அய்யாவு ஓடி வந்தான். “ஒரே ஒரு பாட்டுண்ணே. தொட்டுட்டு வந்திருங்க, போதும்.”

எதிர்க்குழுத் தங்கராஜு தொடையைத் தட்டினான். “என்னா கனகராஜு, கல்லு கரைஞ்சிருச்சா லா?” களமே சிரித்தது.

கனகராஜ் எழுந்தான். வேட்டியை இறுக்கினான். நடுக்கோடு வரை நேராக நடந்தான். நானும் எழுந்துவிட்டேன்.

கோட்டருகே நின்று தங்கராஜுவைப் பார்த்தான். மிதிபட்டுக் கோடு பாதி அழிந்திருந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, செம்மண்ணில் குதிகாலை அழுத்தி அதை மறுபடி கீறினான். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.