குட்டை வாளும் ஒரு பலாப்பழமும்

குடிகாடு தாண்டியதும் காவலர்கள் சிதம்பரம் பேருந்தை நிறுத்தி, ஆயுதம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பையாகப் பார்க்கிறார்கள். பக்கத்து ஆலைகளின் ரசாயன நெடி அடிக்கிறது; நான் பையை இழுத்து அணைத்துக்கொள்கிறேன். என் மடியிலுள்ள பைக்குள், செய்தித்தாளில் சுற்றிய குட்டை வாள். பித்தளைப் பிடி, அகலமான அலகு. அந்தக் காலப் பீரங்கிப் படையாட்கள் இடுப்பில் கட்டியது. இதைக்கொண்டு ஆளை வெட்டியதைவிட, பீரங்கிக்கு வழி ஏற்படுத்தப் புதரை வெட்டியதே அதிகம். இப்படிப்பட்ட பழைய ஆயுதங்களைச் சேகரிப்பது என் பைத்தியம். இதைக் காலையில்தான் கடலூர் முதுநகரில் பழைய சாமான் கடையில் வாங்கினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

காவலர் பையைப் பிரிக்கிறார். "என்ன சார் இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொள்கிறது. "பலாப்பழம் வெட்டுற கத்தி சார். பண்ருட்டியில எங்களுக்குத் தோப்பு இருக்கு."

அவர் என்னைச் சாலையோரம் பழம் விற்கும் பெண்ணிடம் அழைத்துப் போகிறார். ஒரு முழுப் பழத்தைக் காட்டி, "வெட்டுங்க, பாப்போம்" என்கிறார்.

வாளை ஓங்கி இறக்குகிறேன். வாள் பாதிப் பழத்தில் சிக்கி நிற்கிறது. பால் வழிந்து அலகிலும் விரல்களிலும் பிசினாய் அப்புகிறது. இழுத்தால் வரவில்லை.

பால் ஒட்டாமலிருக்கத் தான் வைத்திருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சிரிக்கிறாள். "எண்ணெ தடவாம பலா வெட்டுற பண்ருட்டிக்காரர இப்பதான் சார் பாக்குறேன்."

காவலர் சிரிக்கவில்லை. என்னை நிறுத்திவைத்துக்கொண்டு, பேருந்தை மட்டும் போகச் சொல்லிக் கை காட்டுகிறார்.