பல்வலிக்கு நான் வைத்த பெயர் உபவாசம்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் மாரடைப்பு, விபத்து, புயல் என்று பெரிய ஆபத்துகளைச் சொல்வார்கள். எனக்கு ஆண்டவர் உதவி செய்தது ஒரு கடைவாய்ப் பல்லில். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த நாலு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் எஸ்தர். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். என் கணவர் கிரேன் ஓட்ட மஸ்கட் போய் அது மூன்றாவது வருடம். எங்கள் கடைத்தெருவுக்கு எஸ்.டி.டி. பூத் வந்த புதிது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே போய் அவர் போனுக்குக் காத்திருப்பேன். நிலமும் இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு. வாய்க்கால் தண்ணீரை மறித்தவர்களிடம் மண்வெட்டியோடு போய் நியாயம் கேட்டவள் நான். மோட்டார் கொட்டகையில் நல்ல பாம்பைப் பார்த்தபோதுகூட அலறவில்லை. ஆனால் பல் டாக்டர் என்றால் மட்டும் எனக்கு அப்படி ஒரு பயம். ஏழு வயதில், அப்பாவுக்குப் பல் பிடுங்கியபோது அவர் போட்ட சத்தத்தை வெளியே நின்று கேட்டேன். அது என் காதை விட்டுப் போகவே இல்லை.

சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூத்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் தொடங்கிய வாரம் இடது பக்கத்துப் பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். முழங்காலில் நின்று அழுதேன். “ஆண்டவரே, டாக்டரிடம் போகாமலே இந்த வலியை எடுத்துப்போடும்” என்று ஜெபித்தேன். எப்படிக் குணமாக்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தேன், பாருங்கள்!

ஒருநாள் துணிந்து கும்பகோணம் போனேன். பல் ஆஸ்பத்திரிப் படியில் கால் வைக்கிறேன், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒருவர் இறங்கி வருகிறார். அப்படியே திரும்பி மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். “எதுக்கும்மா இவ்ளோ கத்தரிக்கா?” என்று மகள் கேட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. பக்கத்துத் தெரு பாக்கியம் அக்கா, “ஏன் எஸ்தரு, சாப்பிடலியா?” என்றார். பல்வலி என்றால் எல்லாருமாகச் சேர்ந்து என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். “உபவாசம்க்கா” என்று சொல்லிவிட்டேன்.

லெந்து நாட்களில் எங்கள் சபையில் அந்த ஒரு சொல்லுக்குத் தனி மரியாதை. எதற்காக உபவாசம் என்று யாரும் கேட்கக் கூடாது. அது உபவாசம் இருப்பவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கஞ்சியும் மோரும் குடித்தே நாளை ஓட்டினேன். முகம் வாட வாட சபையில் என் மதிப்பு ஏறியது. மகனின் பரீட்சைக்கு ஒருவர், சிங்கப்பூர் விசாவுக்கு ஒருவர் என்று ஜெபிக்கச் சொல்லி வீடு தேடி வந்தார்கள். கன்னத்தில் கை வைத்தபடியே ஜெபித்து அனுப்பினேன். போதகர் பிரசங்கத்தில், “நம்ம சபையில ஒரு சகோதரி வாரக்கணக்கா உபவாசம் இருக்காங்க” என்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்றே நினைத்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது.

நாலாவது வாரம் கன்னம் வீங்கிவிட்டது. முக்காட்டால் மறைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். பாதி ஜெபத்தில் பாக்கியம் அக்கா என் தோளில் சாய்ந்தார். மயக்கம். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கண் விழிக்க வைத்தோம்.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“நேத்து மத்தியானத்திலேர்ந்து உபவாசம்.”

“மாத்திரை போடுற உடம்புக்கு இது ஆகுமா? யாருக்காகக்கா?”

“உனக்காகத்தாண்டி. நீ இப்படி வத்திப்போறியே, மஸ்கட்ல தம்பிக்கு என்ன ஆச்சோன்னு எனக்குப் பயம். கேக்கவும் கூடாது. அதான், அவ கஷ்டம் எதுவானாலும் தீத்து வையும் ஆண்டவரேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.”

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். “அவர் நல்லாத்தான் இருக்கார்க்கா. நான் இருந்தது உபவாசம் இல்ல. எனக்குப் பல்லு வலி. டாக்டர்கிட்ட போகப் பயம்.”

அக்கா எழுந்து உட்கார்ந்தார். “பல்லா? ஒரு பல்லுக்காடி நான் பட்டினி கெடந்தேன்?”

கூட்டமே சிரித்தது. அக்கா முக்காட்டை விலக்கிக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல் கொதிக்குது. நான் ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கறேன். பதினோரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு.”

அன்றைக்குப் படியில் நான் திரும்ப முடியவில்லை. அக்கா எனக்குப் பின்னால் ஏறி வந்தார். “இன்னும் விட்டிருந்தா சீழ் கழுத்துக்கு எறங்கியிருக்கும்மா” என்றார் டாக்டர். வீக்கம் வற்ற மாத்திரை கொடுத்து, புதன்கிழமை வரச் சொன்னார். புதன் காலை அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். “வலிச்சா இடது கையைத் தூக்குங்க” என்றார் டாக்டர். எங்கே தூக்குவது? அதைத்தான் அக்கா இறுகப் பிடித்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தாரே. ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான். எப்போது பிடுங்குவார் என்று நான் கேட்கும்போது பல் தட்டில் கிடந்தது.

அந்த ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி எலும்பை இரண்டு பக்கமும் போட்டுக் கடித்தேன். போனில் இந்தக் கதையைக் கேட்ட என் கணவர் விட்ட சிரிப்பில் பூத்காரரே திரும்பிப் பார்த்தார். இப்போது பிள்ளைகளையும் நானே பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். படியேறும்போது இன்றும் பயம்தான். ஆனால் ஏறிவிடுகிறேன். ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதையும் விட்டுவிட்டேன். நான் கேட்டபடி அவர் செய்யவில்லை. நான் கேட்காத ஒருவரை எனக்காகப் பசியோடு உட்காரவைத்தார். அவருக்கு என் ஸ்தோத்திரம்.

சொல்ல வெட்கப்படுகிற ஒரு பயம் உங்களுக்கும் இருக்கலாம். அதை அவரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் கட்டாயம் கைவிட மாட்டார். எங்கள் சபையில் உபவாசக்காரரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது இன்றும் உண்டு. ஆனால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யாராவது உபவாசம் என்று சொன்னால், பாக்கியம் அக்காவும் நானும் ஒன்று மட்டும் கேட்டுவிடுவோம்.

“எந்தப் பல்லு?”