தலை வெளியே தெரிய வேண்டும்

இந்த ஊரில் குளிக்கப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். நமக்குக் குளியல் என்றால் கிணற்றுத் துலாவை இழுத்து நாலு வாளி தலையில் ஊற்றி, ஓடுகிற தண்ணீர் வாழைக்குப் பாய்கிறதா என்று பார்ப்பது. தென்காசியிலோ சாரல் விழத் தொடங்கியதும் வில்வண்டி பூட்டி, புளியோதரை, துவையல், நல்லெண்ணெய், மாற்றுச் சேலைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் புறப்படுகிறார்கள். ஒரு குளியலுக்கு ஒரு பகல்! அவ்வளவு தண்ணீரும் சும்மா ஓடுவதைப் பார்த்து முதலில் எனக்கு வயிறு எரிந்தது.

புகையிலை வியாபாரத்துக்காகத் திருவிதாங்கூருக்கு வந்துபோன என் ஐயா, செங்கோட்டையில் பழகிய தென்காசிக்காரர் ஒருவரின் மகனுக்கு என்னைப் பேசி முடித்தார். அப்படித்தான் கடல் தாண்டினேன். மாமியாரை இங்கே அத்தை என்கிறார்கள். அத்தை என்னை ஏசியதே இல்லை. அதுதான் என் கவலை. விருந்தாளியிடம் பேசுவதுபோல அளந்து பேசுவார். கணவரின் தங்கை கோமதிக்கு மட்டும் காலையில் தொடங்கி வசவு விழும். எனக்கும் ஒன்று விழாதா என்று ஏங்கினேன். சிரிக்காதீர்கள், உண்மை.

முதல் சாரலுக்கு மூவரும் போனோம். அருவியில் கூட்டம். ஆகவே கீழே, ஆறு மூங்கில்களுக்குள் திரும்புகிற மறைவான இடத்துக்கு அத்தை கூட்டிப்போனார். ஆற்றில் இப்படி ஆழமாகத் தேங்கிய இடத்தைக் கசம் என்பார்கள். அத்தையும் கோமதியும் எண்ணெய் தேய்த்து, கரையோரம் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். ஆற்றுக்குள் உட்கார்ந்து செம்பில் குளிப்பதா! எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் உள்ளுக்குப் போகட்டே?" என்றேன்.

"போம்மா" என்றார் அத்தை. இரண்டு எட்டு வைப்பேன் என்று நினைத்திருப்பார்.

எங்கள் ஊர்க் கடலோரத்தில், கீரிமலைக் கேணியில் பெண்கள் பக்கம் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சுழியோடி அடியில் கிடக்கிற கல்லை எடுக்க வேண்டும். நெடுநேரம் மூச்சடக்கியவள் வென்றவள். கரையில் இருக்கிற தாய்மார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த நினைப்பில் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு கசத்தில் பாய்ந்தேன். உள்ளே பச்சை வெளிச்சம், கெண்டைக் குஞ்சுகள், உப்பே இல்லாத தண்ணீர். ஒரு மிடறு குடித்தேன். கல்லோடு மறுகரை மூங்கிலடியில் தலை தூக்கியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூங்கில் மறைவில் மூச்சு வாங்கிவிட்டு மெல்ல எதிர்க்கரையைப் பார்த்தேன். மூட்டையில் இருந்த மாற்றுச் சேலைகள் எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தன. ஒரு முனையை மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கோமதி அலறினாள். மறுமுனை அத்தையின் இடுப்பில். நீச்சல் தெரியாத அத்தை கழுத்தளவு தண்ணீரில் நின்று, கையாலும் காலாலும் என்னைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அத்தை! நான் சாகேல்லை!" என்று கத்திக்கொண்டே நீந்தி வந்து அவரைக் கரைக்கு இழுத்தேன்.

மூச்சு வந்ததும் ஏசத் தொடங்கினார். "ஏட்டி, அறிவுகெட்ட மூதி! போய்ச் சேந்துட்டன்னு நெனச்சேன்ட்டி. எம் மவன்ட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒங்க ஊர்ல பொம்பளப் பிள்ளையள இப்படியா வளக்காவ?"

என் முகம் மலர்ந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"சிரிக்கா பாரு, மதினி சிரிக்கா!" என்றாள் கோமதி, அழுதுகொண்டே.

உடுத்த உலர்ந்த துணி ஒன்றும் இல்லாமல் சொட்டச் சொட்ட உட்கார்ந்து சாப்பிட்டோம். புளியோதரையை உருட்டி என் கையில் வைக்கும்போதும் அத்தை ஏசிக்கொண்டுதான் இருந்தார். இனி ஆற்றுப்பக்கமே விடமாட்டார் என்று நினைத்தேன். வண்டி ஏறும்போது தீர்ப்புச் சொன்னார்: "எறங்கணும்னா எறங்கு. ஆனா முங்கப்பிடாது. தல வெளிய தெரிஞ்சிக்கிட்டே இருக்கணும்."

அதனால் இப்போதெல்லாம் கசத்தின் நடுவே மல்லாந்து மிதக்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அத்தை கரையில் இருந்து கூப்பிடுவார். காதுகள் தண்ணீருக்குள் இருப்பதால் சொல் விளங்காது. யாரோ ஒரு பெண் என்னைத் தேடிக் கூப்பிடுவது மட்டும் கேட்கும். அது என் அம்மாவாகவும் இருக்கலாம். சற்று நேரம் அப்படியே கிடந்துவிட்டு, தலையைத் தூக்கிக் குரல் கொடுப்பேன்: "இஞ்சைதான் கிடக்கிறன், அத்தை!"