மாட்டில் குறை

ஊசிக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. மாடு சினைக்குக் கத்துகிறது என்று போன் வந்தால் போதும், காளையின் உறைவிந்து அடைத்த குச்சிகள் கிடக்கும் கலனை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். தோள்வரை உறையை மாட்டி, மாட்டின் பின்னால் கையை விட்டு, கண்ணை மூடியபடியே கருப்பை வாயைத் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். "இந்தப் பக்கத்துல பாதிக் கன்னுக்குட்டிக்கு இவருதான் அப்பன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் குழந்தை இல்லை என்பது சிரிக்கிறவர்களுக்கும் தெரியும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லையென்றால் பதிவேட்டில் 'மாட்டில் குறை' என்று எழுதி மூடிவிடுவார்கள். குச்சியில் குறை என்று எழுத அதில் கட்டமே கிடையாது. மாட்டுக்காரனும் தலையைச் சொறிந்துகொண்டு மாட்டை விற்றுவிடுவான்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மனைவி ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. அவள் குடித்த கசப்பு மருந்துக்கு அளவில்லை. "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று இவர் தட்டிக் கழித்தார். "என் பையனை எதுக்கு அங்கெல்லாம் இழுக்கிற?" என்று அவருடைய அம்மா மருமகள்மேல் பாய்ந்தாள். கொல்லையில் பூசணி பிஞ்சிலேயே வெம்பியபோது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் ஒற்றிக் காய்க்கவைத்த மனிதர் இவர். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் மருமகளை அவள் அண்ணன் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவுகட்டினாள். அப்போது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்களும் ஒரே ஒரு தடவை பாத்துக்குங்க. உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னா, நானே பையை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆய்வறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தன்னுடையதையே ஒரு துளி கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். காளையின் விந்து உலைத் தண்ணீர்போலக் கொதிக்கும். இதில் ஓர் அசைவும் இல்லை. இன்னொரு துளி வைத்தார். அதிலும் அப்படியே. தகட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு அன்றைக்கு மூன்று மாடுகளுக்கு ஊசி போட்டார்.

வீட்டுக்கு வந்து, "பாத்துட்டேன். என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான். குறை ஒன்றும் இல்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தே சொன்னார். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல், மூன்றாம் நாள் கிளம்பினாள். அவரை நல்ல மனிதர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பதினேழு வருடம் ஓடிப்போனது. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது, "மலடியைக் கட்டி உன் வாழ்க்கையே பாழாப்போச்சு" என்று பழைய பாட்டை ஆரம்பித்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, குறை அவகிட்ட இல்ல. என்கிட்டதான்."

அம்மா கஞ்சியை விழுங்கினாள். "தெரியும்" என்றாள். "பதினாறு வயசுல உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கீழவரைக்கும் வீங்கிடுச்சு. புள்ள பொறக்கிறது சந்தேகம்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான் பழியை அவமேல போட்டேன்."

அம்மாவிடம் மகன் மறைத்தான், மகனிடம் அம்மா மறைத்தாள். ஒன்றும் தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் வாளித் தண்ணீரில் அண்ணன் பேரனின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி."

அவள் கை அலசுவதை நிறுத்தியது.

"எங்கம்மா போன வருஷம்தான் செத்தாங்க. என் வயித்துல ஏதோ கோளாறு, அதான் உனக்கும் வந்துடுச்சுன்னு கடைசிவரைக்கும் அழுதாங்க. போன வருஷம் வந்திருக்கக் கூடாதா?"

அவள் துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள்.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

"யாரோ, அண்ணி. வீடு மாறி வந்துட்டாரு."