மேஜை விரிப்புக்கு அடியில் ஒரு மனு

தாலுகா ஆபீஸில் தற்காலிகப் பியூனாகச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம் அது. வாசலில் எப்போதும் கூட்டம். மனுவை வாங்கி ஹெட் கிளார்க் மேஜையில் வைக்க வேண்டும். அவர் சுருக்கொப்பம் போட்டதும் முத்திரை குத்தி, நம்பர் எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான். ஆனாலும் அவர் முன்னால் போனாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் நிரந்தரமாவதும் வீட்டுக்குத் திரும்புவதும் அவர் எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது.

அன்று காலை ஒரு குத்தகைக்காரரின் மனுவை அவர் படித்தார். நிலத்துக்காரர் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். மேஜை விரிப்பைத் தூக்கி, மனுவை அடியில் தள்ளினார். அந்த மிராசுதார் ஆபீசுக்கு வந்தால் இவர் எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக்காரர் மதியம்வரை ஜன்னலோரம் நின்றார். "தம்பி, சீட்டு இல்லாம போனா நாளைக்கு மிராசுதார் ஆளுங்க ஏர வயல்ல எறக்கிருவாங்க. மனு குடுத்திருக்கேன்னு காட்ட என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

ஹெட் கிளார்க் மறைத்ததை நான் எப்படிச் சொல்ல முடியும்? மேஜைவரை போய், தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி போனேன்.

"ஐயா, மன்னிச்சிருங்க. காலையில வந்த மனு ஒண்ண நான்தான் தெரியாம விரிப்புக்கு அடியில வெச்சுட்டேன் போல."

அவர் பேனா நின்றது. "நீயா வெச்ச?"

"ஆமாங்கய்யா. புதுசு, பழக்கமில்லீங்க."

என்னையே பார்த்தார். பக்கத்துக் குமாஸ்தாக்கள் தலை நிமிர்ந்தார்கள். அவர் மனுவை உருவிச் சுருக்கொப்பம் போட்டார்.

"பத்தாவது படிச்சவன வேலைக்கு வெச்சா இப்புடித்தான்!" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னொரு தடவ இந்தத் தப்பு பண்ணாத" என்றார்.

முத்திரை கோணலாக விழுந்தது. சீட்டை வாங்கிய குத்தகைக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னைய ஏங்க? ஐயாவக் கும்பிடுங்க" என்று மேஜைப் பக்கம் கை காட்டினேன். அவர் அப்படியே திரும்பிக் கும்பிட்டார். ஹெட் கிளார்க் நிமிரவில்லை.

"சீக்கிரம் கெளம்புங்க" என்று, தள்ளாத குறையாக அவரை வாசலுக்குக் கொண்டுபோய் விட்டேன்.